ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘மெசென்ட்ரி’ என்று வந்தால்: சேலத்து ஸ்கேன் அறை வாசலில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. டெக்னீஷியனாகப் பதினெட்டு வருடம் ஓட்டிவிட்டேன். படம் எடுப்பது நான், அதைப் படித்து ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட் டாக்டர். ஆனால் கவர் கைக்கு வந்ததும் வாசலிலேயே பிரித்து, புரியாத வார்த்தையில் விரலை வைத்து, “ஏனுங்க தம்பி, இது என்னங்க?” என்று கேட்பது என்னிடம்தான். முழங்கால், முதுகு பற்றியெல்லாம் கேட்டால் ஓரளவு அவர்களே புரிந்துகொள்வார்கள். ‘மெசென்ட்ரி’ என்று வந்துவிட்டால் மட்டும் முகம் வெளிறிவிடும், அப்படி ஒன்று வயிற்றுக்குள் இருப்பதே யாருக்கும் தெரியாது. டாக்டர்கள் பக்கத்தில் நின்று கேட்டதையும், இத்தனை வருடம் படங்களில் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன். உங்கள் வைத்தியத்தை முடிவு செய்ய வேண்டியது உங்களைத் தொட்டுப் பார்த்த டாக்டர்தான்.

முதலில், இந்த மெசென்ட்ரி என்பது என்ன?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குடல் வாங்கி வீட்டில் சுத்தம் செய்திருந்தால் நீங்கள் அதைக் கையில் பிடித்தே இருப்பீர்கள். குடலோடு ஒட்டிக்கொண்டு, கொழுப்பும் மெல்லிய ரத்தக் குழாய்களுமாக, வலை மாதிரி ஒரு சவ்வு இழுக்க இழுக்க வரும். கத்தியால் சீவி எறிகிறோமே, அதேதான். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் நடுமடிப்பு, குடல்தாங்கி என்றெல்லாம் போடுவார்கள். குடலை முதுகுப் பக்கத்துச் சுவரோடு பிடித்து வைத்திருப்பதும், குடலுக்குப் போகும் ரத்தம், நரம்பு, நிணநீர் எல்லாவற்றுக்கும் பாதை கொடுப்பதும் அது.

சேலைக் கொசுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் செருகும் இடத்தில் ஒரு கைப்பிடி அகலம், கீழே விரிந்தால் எவ்வளவு துணி! சிறுகுடலின் மெசென்ட்ரி முதுகோடு ஒட்டும் இடம் சுமார் 15 சென்டிமீட்டர்தான், இடது மேல்வயிற்றிலிருந்து வலது அடிவயிற்றுக்குச் சாய்வாக இறங்கும். அதன் விரிந்த ஓரத்தில் மீட்டர் கணக்கில் குடல் தொங்குகிறது.

2016-இல் அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் கால்வின் காஃபி, இது துண்டு துண்டான சவ்வு இல்லை, தொடர்ச்சியான ஒரே உறுப்பு என்று எழுதியபோது “மனித உடலில் புது உறுப்பு கண்டுபிடிப்பு” என்று செய்திகள் பறந்தன. லியொனார்டோ டா வின்சி பல நூற்றாண்டுக்கு முன்பே அதை ஒரே தொடர்ச்சியாகத்தான் வரைந்திருக்கிறார், ஆகவே புதுசு என்பது கொஞ்சம் அதிகம். நம்ம ஊர் குடல்கடைக்காரரைக் கேட்டிருந்தால் அவரும் சொல்லியிருப்பார்.

ரிப்போர்ட்டில் ‘மெசென்ட்ரிக் ஃபேட் ஸ்ட்ராண்டிங்’, ‘மிஸ்டி மெசென்ட்ரி’ என்று இருக்கிறது. இது எந்த வியாதி?

இது ஒரு வியாதியின் பெயரே இல்லை. அது படத்தில் தெரியும் ஒரு தோற்றத்தின் பெயர். இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதி பயம் போய்விடும், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

சி.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அடர்த்தி எண் உண்டு. தண்ணீர் 0, கொழுப்பு ஏறக்குறைய மைனஸ் 100. அதனால் நல்ல கொழுப்பு திரையில் கருப்பாகத் தெரியும். அங்கே நீர் கோத்தாலோ, அழற்சி வந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ அந்தக் கருப்பில் சாம்பல் நிறம் ஏறும். டிசம்பர் மாதக் காலையில் ஏற்காடு ஏரிக்கு எதிர்க்கரையைப் பார்த்திருப்பீர்களே, மரம் இருக்கும், ஆனால் கோடு தெரியாது. அதே பனிமூட்டம்தான், பெயரே அதை வைத்து வந்ததுதான்.

இந்த மூட்டம் கணையத்தில் அழற்சி வந்தாலும் வரும், குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வீங்கினாலும் அதைச் சுற்றி வரும், கல்லீரல் சுருங்கியவர்களுக்கும் இதயம் தளர்ந்தவர்களுக்கும் நீர் கோப்பதால் வரும். காசநோயிலும் வரும், லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றிலும் வரும். காரணமே இல்லாமலும் வரும். அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டியது “இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், அதை எப்படி உறுதி செய்யப் போகிறீர்கள்?” என்ற கேள்வியை. அந்தச் சொல்லை மட்டும் போனில் தேடினால் ராத்திரி தூக்கம் போகும்.

பையனுக்கு வயிற்றில் நெறி கட்டியிருக்கிறது என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

எங்கள் வாசலில் அதிகம் கேட்கும் கேள்வி இது. மெசென்ட்ரிக் அடினைட்டிஸ். கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டுகிறது, காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் கட்டுகிறது. அதே மாதிரி குடலில் ஏதாவது கிருமி நுழைந்தால் மெசென்ட்ரியில் இருக்கும் நிணநீர்க் கட்டிகள் வீங்கும். பெரும்பாலும் வைரஸ்தான். சளி, தொண்டை வலி வந்து போன ஒரு வாரத்தில் வயிற்று வலி என்று வரும் பிள்ளைகள் நிறைய. எர்சினியா என்ற பாக்டீரியாவும் செய்யும். நம் பக்கம் டைபாய்டையும் மறக்கக் கூடாது, அந்தக் கிருமி குடலைத் தாண்டி இந்தக் கட்டிகளில்தான் முதலில் தங்கும். காய்ச்சல் இறங்காமல் படிப்படியாக ஏறினால் ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்த கல்ச்சர் எடுக்கச் சொல்வார்கள், டைபாய்டுக்கு வழக்கமாகப் பார்க்கும் விடால் என்ற ரத்த டெஸ்டை மட்டும் நம்பி மருந்து கொடுப்பது சரியில்லை.

அல்ட்ராசவுண்டில் 5 மில்லிமீட்டருக்கு மேல் மூன்று நான்கு கட்டிகள் சேர்ந்து தெரிந்தால் அடினைட்டிஸ் என்று எழுதுவது பழைய வழக்கம். சிக்கல் என்னவென்றால் ஆரோக்கியமாக ஓடி விளையாடுகிற பிள்ளைகளுக்கே அந்த அளவில் கட்டிகள் இருக்கும். அதனால் இப்போது குழந்தைகளுக்குக் குறுக்களவு 8 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் கணக்கில் எடுக்கிறார்கள் பல டாக்டர்கள். கட்டி தெரிகிறது என்பதால் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

வைரஸால் வந்தது என்றால் ஆன்டிபயாடிக் வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால், குடிக்கத் தண்ணீர், கஞ்சி, மோர். ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் தானாக அடங்கும். “பூச்சியா இருக்குமோ?” என்று எல்லா அம்மாக்களும் கேட்பார்கள், பூச்சி மாத்திரை கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் இந்த நெறிக்குப் பெரும்பாலும் பூச்சி காரணமில்லை.

அது குடல்வால் இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

வலி இரண்டிலும் பெரும்பாலும் வலது அடிவயிற்றில்தான். பொதுவாக, தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து சில மணி நேரத்தில் வலது கீழ்ப்பக்கம் வந்து நிலைத்து, சாப்பாட்டைக் கண்டாலே ஒதுக்கினால் குடல்வால். நெறி என்றால் வலி இடம் மாறும், விட்டு விட்டு வரும், வலி குறைந்த நேரத்தில் பிள்ளை பிஸ்கட் கேட்கும். இதை வைத்தே முடிவு செய்ய முடியாது, படம் வேண்டும்.

1986-இல் பியூலார்ட் என்ற டச்சு மருத்துவர் ஒரு எளிய வழியை எழுதினார். அல்ட்ராசவுண்ட் கருவியால் வலிக்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே போவது. காற்று நிறைந்த குடல் விலகி ஒதுங்கும். வீங்கிய குடல்வால் மட்டும் நசுங்காமல், 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக, விரல் மாதிரி அப்படியே நிற்கும். இன்றைக்கும் எங்கள் டாக்டர் செய்வது அதைத்தான்.

போன வருடம் நாகலூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா எட்டு வயசுப் பையனோடு வந்தார். “மூணு தடவை வாந்தி சார்” என்றார். எங்கே எடுத்தான் என்று டாக்டர் கேட்டதும்தான், மூன்றும் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குள்ளே என்று தெரிந்தது. வீட்டில் ஒன்றுகூட இல்லை. ஜெல் போட்டுக் கருவியை வைத்ததும் பையன் “ஐஸ்” என்று நெளிந்து சிரித்தான், அழுத்தும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான். குடல்வால் சோப்ளாங்கியாக நசுங்கியது, பக்கத்தில் ஐந்தாறு கட்டிகள். வீட்டுக்கு அனுப்பினார்கள், ஆனால் மறுநாள் இறங்கி வந்து திரும்பக் காட்ட வேண்டும் என்று சொல்லித்தான். அந்த மறுநாள் பார்ப்பதுதான் முக்கியம், ஆரம்ப நேரத்துக் குடல்வால் சில சமயம் முதல் நாள் படத்தில் சிக்காது.

குடல் ஏறியிருக்கிறது என்று பாட்டி சொல்கிறார். தட்டி விடலாமா, தொக்கம் எடுக்கலாமா?

வேண்டாம். பாட்டியோடு சண்டை போடாமல் இதை மட்டும் தடுத்துவிடுங்கள். வெறும் வைரஸ் நெறி என்றால் தட்டினாலும் தட்டாவிட்டாலும் அது அடங்கத்தான் போகிறது, பேர் தட்டியவருக்குப் போகும். ஆனால் உள்ளே வீங்கிய குடல்வாலோ, ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்ட குடலோ இருந்தால் எண்ணெய் போட்டு உருவி அழுத்துவது விபரீதம். அதைவிட, அந்த அரை நாள் வீணாகப் போவதுதான் பெரிய நஷ்டம். பச்சையாக வாந்தி, கருஞ்சிவப்பாகச் சளியும் ரத்தமும் கலந்த மலம், காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுது பிறகு துவண்டு போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரி.

பெரியவர்களுக்கு ‘மெசென்ட்ரிக் பேனிகுலைட்டிஸ்’ என்று வருகிறதே, அது புற்றுநோயா?

இல்லை. மெசென்ட்ரியில் இருக்கும் கொழுப்பில் நாள்பட்ட அழற்சி. 1924-இல் ஜூரா என்ற இத்தாலிய மருத்துவர் இதை முதலில் எழுதினார். அழற்சி முதிர்ந்து தழும்பாக இறுகினால் ஸ்க்ளீரோசிங் மெசென்ட்ரைட்டிஸ் என்பார்கள், இரண்டும் ஒரே நோயின் இரு முனைகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஐம்பது அறுபது வயசு ஆண்களிடம் கூடுதலாகத் தெரிகிறது. பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, வேறு எதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாக வந்து விழும்.

என் பெரியப்பா கதையும் அதுதான். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உலைப் பக்கம் உட்கார்ந்து கிட்னி கல் வந்து, அதற்கு எடுத்த சி.டி.யில் கல்லோடு இதுவும் வந்தது. கல்லை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வேறொரு ஊரில் ஒரு மருத்துவமனையில், “கட்டியாகவும் இருக்கலாம், வயிற்றைத் திறந்து பார்த்துவிடலாம்” என்று சொல்லித் தேதியே குறித்துவிட்டார்கள். பெரியம்மா தாலிக்கொடியை அடகு வைக்கும் வரை போனது.

படத்தில் இதற்கென்று சில அடையாளங்கள் உண்டு. பெரும்பாலும் இடது மேல்வயிற்றில், கொழுப்பு ஒரு திரளாகப் பக்கத்துக் குடலைக் கொஞ்சம் ஒதுக்கும். சாம்பல் மூட்டம் இருக்கும். அதற்குள் சின்னச் சின்ன நெறிகள். ரத்தக் குழாய்களையும் அந்த நெறிகளையும் சுற்றி மட்டும் நல்ல கொழுப்பு ஒரு கருப்பு வளையமாக மிச்சம் இருக்கும். முழுத் திரளையும் சுற்றி மெல்லிய கோடு. இதெல்லாம் ஒழுங்காகத் தெரிந்து, ஆளும் நன்றாக இருந்தால், திசு எடுக்கவே தேவையில்லை என்பதுதான் இன்றைய நடைமுறை.

நெறி 1 சென்டிமீட்டருக்கு மேல், கொழுப்புக்குப் பதிலாகக் கெட்டியான சதை, எடை குறைவது, இரவில் வியர்த்துக் கொட்டுவது, இப்படி ஏதாவது இருந்தால் கதை வேறு. லிம்ஃபோமாவா, கார்சினாய்டு என்ற கட்டியா, ஐ.ஜி.ஜி-4 என்ற ரத்தப் புரதம் சம்பந்தப்பட்ட நோயா என்று தேட வேண்டும், ஊசி மூலமோ, சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியிலோ திசு எடுக்க வேண்டியிருக்கும்.

தொந்தரவு அதிகம் இருக்கும் சிலருக்கு ஸ்டீராய்டும் டமாக்ஸிஃபென் என்ற மாத்திரையும் கொடுப்பார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை, நம் நாட்டுக்கு மிகவும் வேண்டியது. காசநோய் இல்லை என்று பார்க்காமல் ஸ்டீராய்டு ஆரம்பிக்கக் கூடாது. உள்ளே டி.பி. இருந்தால் கிளறி விட்டது போல் ஆகிவிடும்.

அப்படியானால் வயிற்றில் டி.பி. வருமா? நுரையீரலில்தானே வரும்?

வரும். குடல், மெசென்ட்ரி நெறி, வயிற்று உறை எல்லாவற்றிலும் வரும். காய்ச்சாத பாலில் வரும் மாட்டு டி.பி.யும் ஒரு வழி, ஆகவே மலையிலோ தோட்டத்திலோ கறந்த சூட்டோடு பால் குடிப்பது ருசிதான், காய்ச்சிக் குடியுங்கள். மாலையானால் லேசான காய்ச்சல், பசியின்மை, மாதக்கணக்கில் எடை இறங்குவது, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வருவது. இப்படி வருகிறவர்கள் “கேஸ்” என்று நினைத்து ஆறு மாதம் சோடா குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

மருந்து ஊசி போட்டு எடுக்கும் சி.டி.யில் டி.பி. நெறியின் ஓரம் மட்டும் வெள்ளையாக வளையம் போல் ஒளிரும், நடுவில் இருட்டாக இருக்கும், அழுகிய பகுதி அது. எனக்கே திரையில் பார்த்தவுடன் மனசில் தட்டும். ஆனால் தட்டுவது வேறு, நிரூபிப்பது வேறு. இதே தோற்றம் சில புற்றுநோய்களிலும் வரும், குரோன்ஸ் என்ற குடல் நோயோடும் டி.பி. குழம்பும், அந்தச் சந்தேகத்தில் ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்து சதை எடுப்பார்கள்.

வயிற்றில் நீர் இருந்தால் ஊசியில் எடுத்து அனுப்புவார்கள். லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்கள் கூடுதல், ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவு லிட்டருக்குச் சுமார் 39 யூனிட்டுக்கு மேல் என்றால் சந்தேகம் வலுக்கும். சிபிநாட் என்ற மரபணுச் சோதனையில் கிருமி வந்தால் உறுதி, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பதும் தெரியும். வராவிட்டால் டி.பி. இல்லை என்று அர்த்தமில்லை, வயிற்று நீரில் கிருமி ரொம்பக் குறைவாக இருக்கும். அப்போது லேப்ராஸ்கோப்பி. ஒரு சர்ஜன் வீடியோவைக் காட்டினார், வயிற்று உறை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொடிப் புள்ளிகள். “நம்மூரு மாவு ஜவ்வரிசியைக் கொட்டின மாதிரி இல்ல?” என்றார். அப்படியேதான் இருந்தது.

கையில் போடும் மான்டூ டெஸ்ட் பாசிட்டிவ் என்பதால் மட்டும் நோய் என்று ஆகாது, கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்ததைத்தான் அது சொல்கிறது. ரத்தத்தில் டி.பி. ஆன்டிபாடி பார்க்கும் டெஸ்டை மத்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது. யாராவது எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

உறுதியானால் பொதுவாக 6 மாதம் மருந்து. முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், 2024 நவம்பருக்கு முன் அது 500. மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், ரத்தம் என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதம் முடிந்து எடுத்த படத்திலும் நெறி தெரிந்தால் அலற வேண்டாம், சுருங்க நேரம் பிடிக்கும், சிலது சுண்ணாம்பாகி அப்படியே நின்றுவிடும். நுரையீரலில் இல்லாமல் வயிற்றில் மட்டும் என்றால் வீட்டில் தட்டு, டம்ளர் பிரிக்க வேண்டியதே இல்லை. இதைச் சொன்னதும் அழுத மருமகள்களைப் பார்த்திருக்கிறேன்.

இடது அடிவயிற்றில் ஒரே புள்ளியில் வலி, ரிப்போர்ட்டில் ‘எபிப்ளாயிக்’ என்று ஏதோ இருக்கிறது?

பெருங்குடலில் தொங்கும் குட்டிக் கொழுப்பு ஜிமிக்கி ஒன்று முறுக்கிக்கொண்டது. வலி மாத்திரை, ஒன்றிரண்டு வாரம், சரி. ஆபரேஷன் கிடையாது.

சி.டி. எடுத்தால் கதிர் ஆபத்தில்லையா? அந்த ஊசி வேறு பயமாக இருக்கிறது.

வயிற்று சி.டி. ஒன்றுக்கு ஏறக்குறைய 8 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு வருடத்தில் நம் மேல் படுவது உலக சராசரியாக 2.4. அதாவது மூன்று வருடத்துக் கணக்கு ஒரே நாளில். தேவை என்றால் தாராளமாக எடுக்கலாம், சும்மா ஒரு திருப்திக்கு என்றால் வேண்டாம். பிள்ளைகளுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட்தான்.

ஊசியில் இருப்பது அயோடின் கலந்த மருந்து. உள்ளே போனதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு இறங்கும், வாயில் இரும்பு ருசி, சிறுநீர் போய்விட்டது போல ஒரு உணர்வு. போகவில்லை, சத்தியமாகப் போகவில்லை, முன்னாலேயே சொல்லிவிடுவேன், இல்லையென்றால் பாவம், கூச்சத்தில் அசைந்து படம் கெட்டுவிடும். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்த ரிப்போர்ட் கொண்டுவாருங்கள். முன்பு அலர்ஜி வந்ததா, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா என்று கேட்டால் மறைக்காதீர்கள்.

எப்போது ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது?

வயசானவர், இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்று ஏற்கெனவே சொல்லப்பட்டவர், திடீரென்று உயிர் போகிற வயிற்று வலி என்கிறார், தொட்டுப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருக்கிறது. “நடிக்கிறார்” என்று தோன்றும். அதுதான் ஆபத்து. மெசென்ட்ரியின் ரத்தக் குழாயை உறைந்த ரத்தம் அடைத்திருக்கலாம், அழற்சி இல்லை இது, ஆனால் சில மணி நேரத்தில் குடல் அழுகும். ஏற்காட்டில் இருந்தால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிட்டு இரவே இறங்குங்கள். வயிறு பலகை மாதிரி இறுகுவதும், மலமும் காற்றும் நின்று வாந்தி எடுப்பதும் இதே அவசரம்தான்.

பழைய படங்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமா?

ஐயோ, வேண்டவே வேண்டாம். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஃபிலிமும், படங்களைப் பதிந்து கொடுக்கும் டிஸ்க்கும் வேண்டும். என் பெரியப்பாவுக்குக் குறித்த ஆபரேஷன் எதனால் நின்றது தெரியுமா? 2019-இல் ஓமலூர் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்தபோது வயிற்றுக்கு ஒரு சி.டி. எடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. பெரியம்மா இரும்பு பீரோவில், கல்யாணப் பட்டுச் சேலைக்கு அடியில் தட்டையாக வைத்திருந்தார், மடிப்பு விழாமல். எங்கள் டாக்டர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் விளக்குப் பெட்டியில் மாட்டினார். அதே இடம், அதே மூட்டம், அதே ஐந்து குட்டி நெறிகள். வருடக்கணக்கில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. அன்றைக்கு யாரும் கவனித்து எழுதவில்லை, அவ்வளவுதான். “கல்லுக்குத் தண்ணி குடிங்க, போங்க” என்று அனுப்பிவிட்டார். இப்போது அந்தப் புதுப் படமும் அதே சேலைக்கு அடியில்தான் இருக்கிறது.